முட்டை திருடியவன் மாடு திருடுவானா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பல்பொருள் அங்காடிக்குப் போயிருந்தேன். வீட்டில் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்தால் அங்கே ஒரு சின்னக் கூட்டம். நடுவில் பத்துப் பதினோரு வயதுப் பையன். அவனுடைய கால்சட்டைப் பையிலிருந்து எடுத்த இரண்டு சாக்லேட்டுகள் மேஜைமேல் கிடந்தன. பையன் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். கடை ஊழியரான ஓர் இளைஞர், சாக்லேட்டுகளை அவன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் தம்பி படம்?" என்று கேட்டேன்.

"எங்க கிளை எல்லாத்துக்கும் குரூப்ல போட்டுடுவோம் சார். இனிமே எங்கயும் உள்ள விடமாட்டாங்க" என்றார்.

அந்தப் பையனைப் பார்த்ததும் என் நாக்குக்கு அடியில் ஏதோ குத்துவது போலிருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அறுபத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது 1960. எனக்குப் பத்து வயது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்த சொல்தா. அதனால் என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார். தினமும் காலையில் முதல் வேலை, கரும்பலகையில் எழுதியிருக்கும் நீதி வாசகத்தை நோட்டில் எழுதுவது. ஊதா மை, தொட்டு எழுதும் பேனா. மை சொட்டினால் மதிப்பெண் குறையும். என் நிப்பு வாய் பிளந்துவிட்டது. எழுதினால் ஒரு கோடு இரண்டு கோடாக விழும். அப்பாவிடம் கேட்டால், "போன மாசம்தானே வாங்கிக் கொடுத்தேன்" என்று இடுப்பு பெல்ட்டில் கை வைப்பார். பக்கத்து பெஞ்சுப் பையனிடம் 'செர்ழான் மழோர்' நிப்பு இருந்தது. மெல்லிய கோடும் தடித்த கோடும் அச்சில் வார்த்தது போல வரும்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாய் கடை. நோட்டு, சிலேட்டு, மை, நிப்பு எல்லாம் அங்கேதான். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கடையில் கூட்டமாக இருந்தது. மேஜைமேல் திறந்திருந்த தகர டப்பியிலிருந்து ஒரு நிப்பை எடுத்தேன். சட்டைப் பை கிழிந்திருந்ததால் வாயில் போட்டு நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்புவதற்குள் பாய் கேட்டார்: "என்ன தம்பி வேணும்?"

எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. தலையை ஆட்டினேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் ஆட்டினேன். மூன்றாவது தடவை அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளங்கையை என் மோவாய்க்குக் கீழே நீட்டினார். துப்பினேன். எச்சிலும் கொஞ்சம் ரத்தமுமாக நிப்பு அவர் கையில் விழுந்தது.

கடைக்கு எதிர் மூலையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு குரல் போதும். பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "கொப்புளிச்சுத் துப்பு. துருப் பிடிச்ச நிப்பா இருந்தா என்னடா ஆகும்?" என்றார். பிறகு மெதுவான குரலில், "நாளன்னைக்கு வியாழக்கிழமை, உனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. காலையில எட்டு மணிக்கு இங்க வந்து நில்லு" என்றார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வாரத்தின் நடுவில் வியாழக்கிழமை விடுமுறை.

மறுநாள் அவரே வீட்டுப் பக்கம் வந்து அம்மாவிடம், "தங்கச்சி, பையன் எண்ணிக்கையில கெட்டி போலிருக்கு. நாலு வியாழக்கிழமை கடைக்கு அனுப்புங்க, சரக்கு எண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. பெல்ட் அடியே பரவாயில்லை என்று தோன்றியது.

நாலு வியாழக்கிழமையும் போனேன். நிப்புகளை எண்ணிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒரு குரோசு என்றால் 144. என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டு பாய் தொழுகைக்குப் போய்விடுவார். ஒரு தடவை ஒரு பெட்டியில் 145 வந்தது. நாலு தடவை எண்ணினேன். அவர் வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் டப்பியில் போட்டார். கடைசி வியாழக்கிழமை பேரேட்டை விரித்துக் காட்டினார். 'சொல்தா பையன் – நிப்பு 1' என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து அடித்தார். "கணக்கு நேராயிடுச்சு, போ" என்றார். கூலியாக இரண்டு நிப்பு கொடுத்தார். அப்பா, அம்மா இருவருமே கடைசி வரை விஷயம் தெரியாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் ஒரு நாள் ஒரு பழமொழி வந்தது. 'கி வோல் அனெஃப், வோல் அன் பெஃப்.' முட்டையைத் திருடுகிறவன் மாட்டையும் திருடுவான் என்று பொருள். வாத்தியார் வகுப்பைப் பொதுவாகப் பார்த்து விளக்கினார். எனக்கு அவர் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று பட்டது. நான் மாடு திருடப் போகிறேனா என்ற பயம் ரொம்ப நாள் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சுப் புத்தகங்களைப் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பழமொழி வெறும் நோட்டுப் புத்தக வாசகம் அல்ல, நூறு நூற்றைம்பது வருடம் பல நாடுகள் அதை நம்பியே சட்டம் நடத்தியிருக்கின்றன என்பது.

கடையில் எடுப்பதற்கென்றே தனிச் சட்டம் போட்ட நாடு இங்கிலாந்து. 1699ஆம் வருடச் சட்டப்படி, கடையிலிருந்து ஐந்து ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளை ஒருவரும் அறியாமல் எடுத்தால் தூக்கு. ஏழு வயதுக்குக் கீழே குற்றம் கிடையாது என்பது அங்கே பழைய வழக்கம். ஏழிலிருந்து பதினாலு வரை, 'தெரிந்துதான் செய்தான்' என்று காட்டிவிட்டால் பெரியவனுக்கு உள்ள தண்டனைதான். சிறுவர்களுக்குத் தூக்கு பெரும்பாலும் கப்பலேற்றலாகக் குறைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு 1788ல் போய்ச் சேர்ந்த முதல் கைதிக் கப்பல்களில் ஜான் ஹட்சன் என்று ஒரு சிறுவன் இருந்தான். புகைபோக்கி துடைப்பது அவன் தொழில். ஒரு வீட்டில் புகுந்து துணியும் ஒரு கைத்துப்பாக்கியும் எடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டபோது அவனுக்கு வயது ஒன்பது.

ஆனால் அதே இங்கிலாந்தில் இன்னொன்றும் நடந்தது. நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஜூரிகள் பெரும்பாலும் கடை வைத்திருப்பவர்கள், தொழில் செய்பவர்கள். கண்ணெதிரே இருக்கும் பொருள் ஐந்து ஷில்லிங்குக்கு மேல் பெறும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், 'மதிப்பு நாலு ஷில்லிங் பத்து பென்ஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பென்ஸைக் குறைத்துக் காட்டி ஓர் உயிரைக் காப்பாற்றினார்கள். சாமுவேல் ரோமிலி என்ற வழக்கறிஞர் 1810ல் இந்தத் தூக்கையே எடுத்துவிட மசோதா கொண்டுவந்தார். கீழ்ச் சபை ஒப்புக்கொண்டது, பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. சட்டம் மாறுகிற வரைக்கும் அந்த ஜூரிகளின் பேனாதான் வேலை செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்குத் தேவைப்படும்.

பிரான்சில் கதை வேறு மாதிரி. புரட்சிக்குப் பிறகு வந்த 1791ஆம் வருடச் சட்டமும், நெப்போலியன் காலத்து 1810ஆம் வருடத் தண்டனைச் சட்டமும், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கச் சொல்லின. அவன் 'திசெர்ன்மான்' உடன் செய்தானா? அதாவது நல்லது கெட்டது பிரித்தறிந்து செய்தானா? அறிந்து செய்தான் என்றால் குறைந்த தண்டனை. அறியாமல் செய்தான் என்றால் விடுதலை.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் 66ஆம் பிரிவில் அந்த விடுதலைக்கு ஒரு வால் இருந்தது. விடுதலையான பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், அல்லது திருத்தும் விடுதிக்கு அனுப்பி இருபது வயது வரைக்கும் அங்கேயே வளர்க்கலாம். இதன் விளைவைப் பாருங்கள். ஒரு ரொட்டியோ ஒரு கைக்குட்டையோ எடுத்த பத்து வயதுப் பையன் 'குற்றவாளி' என்றால் சில மாதத்தில் வெளியே வருவான். 'குற்றமற்றவன்' என்றால் பத்து வருடம் உள்ளே. நான் முப்பத்தெட்டு வருடம் அரசாங்க உத்தரவுகளைப் படித்தவன். இப்படி ஒரு விடுதலை உத்தரவை எங்கும் பார்த்ததில்லை.

பாரிசில் 1836ல் 'லா பெத்தித் ரொக்கெத்' என்ற சிறை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. ஆறு பக்கக் கட்டிடம், நடுவில் கோபுரம். சில வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஓர் அறை என்று பிரித்துவிட்டார்கள். இரவும் பகலும் தனிமை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கக் கூடாது. கெட்ட சகவாசம் ஒட்டக்கூடாதாம். 1865ல் பேரரசி எழேனி நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளைகளைக் கிராமப்புற விடுதிகளுக்கு மாற்றினார்கள்.

கிராமப்புற விடுதிகளில் பேர் போனது தூர் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த மெத்ரே. தெமெஸ் என்ற நீதிபதி, ஒரு பிரபு கொடுத்த நிலத்தில் தொடங்கியது. 1840 ஜனவரியில் பிள்ளைகள் வந்தார்கள். சுற்றுச்சுவர் கிடையாது. நாற்பது பிள்ளைகள் சேர்ந்தது ஒரு 'குடும்பம்', ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு. வயல் வேலை, பட்டறை வேலை, பிரார்த்தனை, பட்டாளத்து அணிவகுப்பு. மண்ணை மனிதன் திருத்துவான், மனிதனை மண் திருத்தும் என்பது தெமெஸின் நம்பிக்கை. அவர் கெட்டவர் இல்லை. சிறையில் அழுகிக்கொண்டிருந்த பிள்ளைகளை வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று உண்மையாக ஆசைப்பட்டவர். பல நாட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் புகழ்ந்தார்கள். ஹாலந்திலும் இங்கிலாந்திலும் அதைப் பார்த்து விடுதிகள் கட்டினார்கள். ஆங்கிலேயர்கள் இங்கேயும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் என்று 1876லும் 1897லும் கொண்டுவந்தார்கள். செங்கல்பட்டில் இருந்த சீர்திருத்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி நம் வயதுக்காரர்களை வீட்டில் மிரட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

சுவர் இல்லாத அந்த மெத்ரேயில் தண்டனை அறைகள் இருந்தன. தப்பி ஓடியவனைச் சுற்றுவட்டாரத்து மக்கள் பிடித்துக் கொடுத்தார்கள். மிஷல் ஃபூக்கோ என்ற அறிஞர் 1975ல் சிறைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், நவீன சிறை முறை முழுமை பெற்ற நாளாக மெத்ரே திறந்த நாளையே குறிப்பிடுகிறார்.

பழமொழி பலித்ததா என்று பார்க்க மெத்ரேயில் வளர்ந்த ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். ழான் ழெனே. 1910ல் பிறந்தவர். தாய் விட்டுவிட்டுப் போக, ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர். சின்ன வயதுத் திருட்டு ஒன்றில் 'திருடன்' என்று பெயர் சூட்டப்பட்டு, அந்தப் பெயரையே எடுத்து மாட்டிக்கொண்டவர் என்று சார்த்ர் அவரைப் பற்றி எழுதினார். சில்லறைத் திருட்டு, ஓடிப்போவது, டிக்கெட் இல்லாமல் ரயிலேறுவது என்று போய், பதினைந்து வயதில் 1926ல் மெத்ரேக்கு வந்து சேர்ந்தார். 1929ல் பட்டாளத்தில் சேர்ந்து வெளியே வந்தார். பிறகு என்ன திருடினார்? மாடா? கடைகளில் கைக்குட்டை, சட்டை, துணி, புத்தகம். அதாவது கடைசி வரை முட்டைதான். ஆனால் திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவர்களை ஆயுள் முழுக்க ஒதுக்கி வைக்க 1885லிருந்து ஒரு சட்டம் இருந்தது. அது அவர் தலைமேல் தொங்கியது. அதற்குள் அவர் பெரிய எழுத்தாளராகிவிட்டார். கொக்தோவும் சார்த்ரும் ஜனாதிபதிக்கு மனுப் போட்டு, 1949ல் மன்னிப்பு கிடைத்தது. எழுதத் தெரியாத மற்றவர்களுக்கு யார் மனுப் போட்டிருப்பார்கள்?

1934 ஆகஸ்டில் பிரத்தாஞ் கடற்கரைக்கு எதிரே உள்ள பெல்-ஈல் என்ற தீவில் ஒரு சம்பவம் நடந்தது. அங்கேயும் ஒரு பிள்ளைகள் விடுதி. இரவுச் சாப்பாட்டில் ஒரு பையன் சூப்பைக் குடிப்பதற்கு முன் பாலாடைக்கட்டியைக் கடித்துவிட்டான். வரிசை தப்பியதற்காகக் காவலர்கள் அவனை அடித்தார்கள். மற்றவர்கள் கொதித்தெழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுவரேறி ஓடினார்கள். தீவு என்பதால் எங்கே போவது? பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இருபது பிராங்கு என்று அறிவித்தார்கள். கோடை விடுமுறைக்குக் கடலில் குளிக்க வந்தவர்களெல்லாம் அந்த வேட்டையில் சேர்ந்துகொண்டார்கள். கவிஞர் ழாக் ப்ரேவேர் இதைப் பற்றிக் கவிதை எழுத, பத்திரிகைக்காரர் அலெக்சி தனான் விடுதிகளுக்கு எதிராக விடாமல் எழுத, நாட்டுக்கே வெட்கம் வந்தது. 1930களின் கடைசியில் மெத்ரேயும் மூடப்பட்டது.

போர் முடியும் முன்பே, 1945 பிப்ரவரி 2 அன்று, தெகோல் அரசாங்கம் ஓர் அவசரச் சட்டம் போட்டது. பிள்ளைகளை வீணாக்கும் அளவுக்குப் பிரான்சிடம் பிள்ளைகள் குவிந்து கிடக்கவில்லை என்ற கருத்தை அதன் முன்னுரையிலேயே சொன்னார்கள். முதலில் வளர்ப்பு, பிறகுதான் தண்டனை. பிள்ளைகளுக்கென்று தனி நீதிபதி. ஆனாலும் பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. த்ரூஃபோ எடுத்த 'லே கத்ர் சான் கூ' படம் 1959ல் வந்தது. அதில் பையன் வளர்ப்புத் தந்தையின் அலுவலகத்திலிருந்து தட்டச்சுப் பொறியைத் திருடுகிறான். விற்க முடியவில்லை. மாட்டிக்கொள்வது எப்போது தெரியுமா? அதைத் திருப்பி வைக்கப் போகும்போது. அப்பாவே போலீஸில் ஒப்படைக்கிறார். த்ரூஃபோவும் சிறு வயதில் அப்படி ஒரு விடுதியில் இருந்தவர்தான்.

ஜான் வால்ழானைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். விக்தோர் யுகோ எழுதி, சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கிய கதை. நாகையா நடித்து 1950ல் படமாகவும் வந்தது. ஒரு ரொட்டிக்காக ஐந்து வருடம், தப்பி ஓடியதற்காக இன்னும் பதினாலு வருடம். அவன் சிறுவன் அல்ல, வளர்ந்த ஆள். ஆனாலும் பாடம் ஒன்றுதான். வெளியே வந்தவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. அதைக் காட்டினால் சத்திரத்தில் இடமில்லை, வேலை இல்லை. சிறை முடிந்தாலும் சீட்டு முடியவில்லை.

அந்த மஞ்சள் சீட்டை நானே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்ல வந்தது இதைத்தான்.

1983 என்று நினைவு. நான் ஓர் அலுவலகத்தில் யூ.டி.சி. நியமனக் கோப்புகள் என் மேஜைக்கு வரும். பியூன் வேலைக்குத் தேர்வான ஓர் இளைஞரின் போலீஸ் அறிக்கை வந்தது. ஒரே வரி. பதிமூன்று வயதில் ஒரு சைக்கிள் கடையில் டைனமோ திருடிய வழக்கு, நீதிமன்றம் எச்சரித்து விட்டுவிட்டது. அவர் பூர்த்தி செய்த உறுதிமொழிப் படிவத்தில், 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தார். படிவத்தின் தலையிலேயே, உண்மையை மறைத்தால் தகுதி இழப்பு என்று அச்சடித்திருக்கும்.

குமாஸ்தா வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். நோட்டின் கடைசி வரியில்தான் ஓர் ஆளின் தலையெழுத்து. 'சம்பவம் நடந்தபோது வயது 13 என்பதைக் கருத்தில் கொள்ளலாம்' என்று முடித்திருக்கலாம். நான் 'விண்ணப்பதாரர் உண்மையை மறைத்துள்ளார், நியமனம் ரத்து செய்யப்படலாம்' என்று முடித்தேன். மேலே ஒருவரும் மறுக்கவில்லை. பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞர் வந்தார். சத்தம் போடவில்லை. என் மேஜைக்கு முன்னால் நின்று, "எனக்கு அப்போ பதிமூணு வயசு சார்" என்றார். "ரூல் அப்படி தம்பி" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நானும் வேலையில் சேரும்போது அதே படிவத்தைப் பூர்த்தி செய்தவன்தான். அதே கேள்விக்கு நானும் 'இல்லை' என்றுதான் எழுதினேன். என்னுடைய 'இல்லை' உண்மை, அவருடையது பொய். ஏன்? அவர் நல்லவர் இல்லை, நான் நல்லவன் என்பதாலா? பாய் எதிர் மூலைப் பக்கம் திரும்பவில்லை, சைக்கிள் கடைக்காரர் திரும்பினார். அவ்வளவுதான். நான் நிப்பு எடுத்த 1960ல் புதுச்சேரியில் நடப்பில் இருந்தது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். 1962 ஆகஸ்டு 16ல் சட்டப்படி மாற்றம் ஆகி, 1963ல்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே வந்தது. எந்தச் சட்டமாக இருந்தாலும், அந்த ஒரு குரல் எழும்பியிருந்தால் என் பெயர் ஏதோ ஒரு ஏட்டில் ஏறியிருக்கும். பாய் அடித்த சிவப்புக் கோட்டை எந்த அரசாங்க ஏட்டிலும் அடிக்க முடியாது. கடை ஜூரிகள் இரண்டு பென்ஸ் குறைத்து எழுதியதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. என் கையிலும் பேனா இருந்ததே.

இன்று சட்டம் எவ்வளவோ மாறியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஏழு வயதுக்குக் கீழே குற்றமே இல்லை, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை புரிந்து செய்யும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது பழைய தண்டனைச் சட்டத்தில் 82, 83ஆம் பிரிவுகள். புதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே இருக்கிறது. 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் எல்லாரும் பிள்ளைகள். சாதாரணத் திருட்டு சிறு குற்ற வகை. அதற்குப் பிள்ளைமீது எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறு வயதுக் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதி இழப்பும் வரக் கூடாது என்கிறது. 2016ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், அற்பமான பழைய வழக்கை மறைத்ததை மட்டும் வைத்து வேலையை மறுக்காமல் விட்டுவிட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாகச் சொன்னது. 1983ல் என் மேஜைமேல் இந்தத் தீர்ப்பு இருந்திருந்தால் என்று நினைப்பேன். ஆனால் ஒரு வரி இரக்கமாக எழுதத் தீர்ப்பு எதற்கு?

பிரான்சில் 2021ல் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. பதிமூன்று வயதுக்குக் கீழே 'திசெர்ன்மான்' கிடையாது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பழைய சொல் இருநூறு வருடம் சுற்றிவிட்டு, இப்போது பிள்ளையின் பக்கம் வந்து நிற்கிறது.

ஒன்றும் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாய் என்னை விட்டுவிடவில்லை. துப்ப வைத்தார், நாலு வியாழக்கிழமை உட்கார வைத்தார், 144 வரை எண்ண வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசிய அந்த ஒரு மாதம் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது.

சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறேன். அந்த இளைஞரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, சாக்லேட் காசு நான் தர்றேன். இவனோட அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டு நேர்ல சொல்லுங்க. படத்தை மட்டும் எடுத்துடுங்க. பிள்ளைங்க முகத்தை இப்படி அனுப்பினா உங்களுக்குத்தான் வம்பு" என்றேன். சட்டம் என்றதும் கொஞ்சம் யோசித்தார். என் கண்ணெதிரே படத்தை அழித்தார். அதற்கு முன்னால் அனுப்பிவிட்டாரா என்று கேட்டேன். "இல்ல சார்" என்றார்.

அந்த 'இல்லை' உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பையன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "பள்ளிக்கூடம் என்னைக்கு லீவு?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை" என்றான். அவனுக்கு எண்ணக் கொடுக்க என்னிடம் நிப்பு இல்லை. வீட்டு விலாசம் சொல்லி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என் அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களுக்கு வரிசை எண் போட வேண்டிய வேலை ரொம்ப நாளாக நிற்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இன்னும் வரவில்லை. வந்தால் வேலை இருக்கிறது.